இழுபட்டு வந்த சின்னக் கார்

என் கணவரும் நானும் சேர்ந்து போன சுற்றுலாவில் நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் இருக்கவில்லை. அவர் முன்னால் வோன்மொபிலில் போனார். நான் பின்னால் எங்கள் சின்னக் காரில் போனேன். சுவிஸில், சூரிக்குக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் ஷ்லீரனிலிருந்து இன்டர்லாக்கன் வரைக்கும் நான் பார்த்தது மலையும் இல்லை, ஏரியும் இல்லை. வெள்ளை நிறத்தில் ஒரு பின்சுவர், அதில் ஒரு சின்ன யன்னல், அதற்குள் நானே தைத்துப் போட்ட பூப்போட்ட திரை. அவ்வளவுதான்.

வோன்மொபில் என்பது கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஓடும் வண்டி. எங்களுடையது கிழட்டு வண்டி. அவர் வேலை செய்யும் உணவகத்தின் பெரிய சமையல்காரர் முழங்கால் வலியோடு ஓய்வுபெற்றபோது இவரிடம் தள்ளிவிட்டது. எனக்கு ஒரு சொல் சொல்லாமல் வாங்கிவிட்டார். வாகனத் தரிப்பிடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு என்னைக் கீழே கூப்பிட்டார். நான் சண்டை பிடிக்கிற எண்ணத்தோடுதான் படி இறங்கினேன்.

"இத்தனை காலமா மற்ற ஆக்களின்ர அறையளைத் துடைச்சனீர். இனி எங்கட அறையோட நாங்கள் போவம்" என்றார்.

அதற்குமேல் எப்படிச் சண்டை பிடிப்பது? மனுஷனுக்குச் சமயத்தில் இப்படி ஒரு வார்த்தை வந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் நான் அந்த ஒரு வார்த்தைக்காகப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த அறையையும் நான்தான் துடைத்தேன் என்பதை அவர் கவனிக்கவில்லை. சின்ன இடம் கெதியில் துடைபடும் என்பார்கள். கெதியில் ஊத்தையாவதும் சின்ன இடந்தான்.

சின்னக் காரை ஏன் கூடக் கொண்டுபோனோம் என்றால், வோன்மொபிலை முகாமில் ஒருமுறை நிறுத்தி, கூரைத்துணி விரித்து, கதிரை போட்டு, மின்சாரம் கொழுவிவிட்டால் பிறகு அதை அசைக்க மனம் வராது. பால் வாங்கக் கடைக்குப் போவதற்கு வீட்டையே எடுத்துக்கொண்டு போக முடியாது. அமெரிக்காவில் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். வோன்மொபிலின் பின்னால் ஒரு கம்பியைப் பூட்டி, சின்னக் காரை அதன் நான்கு சக்கரத்திலேயே இழுத்துக்கொண்டு போகிறார்கள். காருக்குள் ஆள் இல்லை. கன்றுக்குட்டி தாய்க்குப் பின்னால் போவதுபோல அது பாட்டுக்குப் போகிறது. இவர் படுக்கையில் கிடந்து அந்த வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்தார். ஒருநாள் எங்கிருந்தோ ஒரு இழுவைக் கம்பியும் வாங்கி வந்தார், என் உயரத்துக்கு, மஞ்சள் பெயின்ற் அடித்தது.

கம்பியைப் பார்த்த ஒரு கராஜ்காரர், நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாராம். இங்கே அப்படி ஊர் சுற்ற விடமாட்டார்கள். காரை ஏற்றிப் போகும் இழுவை வண்டி வாங்கு, அல்லது விடு என்றாராம். வழியில் பழுதாகி நின்ற காரை மட்டும் கம்பியால் இழுக்கலாம், அதுவும் மெதுவாக, ஸ்டியரிங்கில் ஓர் ஆளை வைத்துக்கொண்டு. இவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்.

"அப்ப நீர் காரைப் பின்னால ஓடிக்கொண்டு வாரும்."

கம்பிக்குப் பதிலாக நான். மஞ்சள் கம்பியும் வந்தது, கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு.

நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்று என் மகள் இன்றைக்கும் கேட்கிறாள். எனக்கு அப்போது வேறு யோசனை எதுவும் தலையில் ஏறவில்லை. அடுத்த திங்கட்கிழமை நான் புது வேலை தொடங்க வேண்டியிருந்தது. ஷ்லீரன் தொழிற்பேட்டையில் அலுவலகங்களைத் துடைத்துத் துடைத்து முதுகு போன பிறகு, வயதானவர்களை வீடுவீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலைக்குப் படித்தேன். ஜெர்மன் மொழியில் படிப்பு. வாய்மொழிப் பரீட்சையில் ஒருமுறை குண்டடித்துத் தோற்று, மறுபடி எழும்பிப் போய் எடுத்தேன். வேலை தந்த குழுத் தலைவி தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிட்டார். சொந்தக் கார் கட்டாயம். முதல் வீடு ஓர்லிகோனில், காலை எட்டு மணிக்கு. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நானே காரை ஓட்டிப் போக வேண்டும். கார் இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் காத்திருக்கிறார். அந்தச் சின்னக் கார்தான் என் வேலை. அதை நான் அவருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

"அதுதானே, தொடங்க முன்னம் போய் நல்லாக் களை ஆறிட்டு வருவம்" என்றார்.

ஆறினதைக் கேளுங்கள். இன்டர்லாக்கனில் அவர் முன்பு ஒரு ஹோட்டல் சமையலறையில் நெடுங்காலம் வேலை செய்தவர். பழைய கூட்டாளிகள் இன்னும் அங்கேதான். மதிய இடைவேளையில் கறுப்புச் சப்பாத்தும் எண்ணெய் வாசமுமாக ஒவ்வொருவராக வண்டி பார்க்க வந்தார்கள். இவர் மடக்குக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு கட்டிலை இழுத்துக் காட்டினார், குளிக்கும் இடத்தைத் திறந்து காட்டினார். நான் உள்ளே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில், தேத்தண்ணி ஊற்றினேன், ரோல்ஸ் பொரித்தேன், கோப்பை கழுவினேன். ஒரு தம்பி வெளியிலிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, நீங்கள் குடுத்து வச்சனீங்கள்" என்றான். ஓம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? ஏரி பின்னாலேயே இருந்தது. ஒரு பின்னேரம் அதில் காலை நனைத்தேன். அதுதான் என் விடுமுறை.

ஞாயிற்றுக்கிழமை திரும்பினோம். பெரிய நெடுஞ்சாலையில் ஏற அந்தக் கிழட்டு வண்டிக்குப் பயம், அதைவிட அவருக்குப் பயம். ஊர்ப் பாதைகளால் வந்தோம். மலை இறங்கி, லூசெர்ன் தாண்டி, க்னோனாவ் என்ற ஊரைக் கடந்த பிறகு என் காரின் முன்பக்கத்தில் சாட்டையால் அடித்ததுபோல ஒரு சத்தம். என்ஜின் நின்றுவிட்டது. ஓட்டம் ஓயும் வரைக்கும் உருளவிட்டு, புல் ஓரமாக நிறுத்தினேன். ஹோர்ன் அடித்தேன். வெள்ளைச் சுவர் தன்பாட்டில் போய்க்கொண்டே இருந்தது. வளைவில் திரும்பி மறைந்தது.

அவருக்குத் தொலைபேசி எடுத்தேன், எடுக்கவில்லை. வண்டி ஓடும்போது எடுக்கக் கூடாதென்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். காரை விட்டு இறங்கி நின்றேன். அப்போதுதான் பார்த்தேன், இரண்டு பக்கமும் சோளக் கொல்லை, தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம், அதற்கப்பால் மலைகள் வரிசையாக. முழுப் பயணத்திலும் முதல் தடவையாக எனக்கு முன்னால் எதுவும் மறைக்கவில்லை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை மண்டைக்குள் இடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

ஒருவழியாகத் திரும்பி வந்தார். முன்மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். என்ஜின் பெல்ட் அறுந்து கந்தலாகக் கிடந்தது. இதை இங்கே நின்று சரிப்படுத்த ஏலாது என்றார். சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துகொண்டு போனது. நான் அந்த முகத்தைப் பார்த்தேன். எனக்கு விளங்கிவிட்டது.

"இப்ப இது பழுதான கார்தானே? இப்ப இழுக்கலாம்!"

"உதவி வண்டியைக் கூப்பிடுவம்" என்றேன்.

"என்னத்துக்கு? கம்பி சும்மா கிடக்கு."

அந்த நேரத்தில் அவரைப் பிடித்துத் தள்ளவேண்டும் போல இருந்தது. ஆனால் எனக்கு வேண்டியது கார் ஷ்லீரன் போய்ச் சேருவது. யார் இழுத்தாலென்ன.

கட்டிலுக்கு அடியிலிருந்து மஞ்சள் கம்பி வெளியே வந்தது. காரின் முன்பம்பரில் ஒரு சின்ன மூடியைக் கழற்றி, உள்ளே கொக்கியைத் திருகி, கம்பியைப் பூட்டி, இழுத்து ஆட்டிப் பார்த்தார். வேலை சுத்தம், அதில் குறை சொல்லமாட்டேன். கியரை நியூட்ரலில் போட்டார். பிறகு எழும்பி நின்று கையைத் துடைத்தார்.

"சும்மா எடுக்கக் கூடாது" என்றார்.

எங்கள் ஆட்கள் புது வண்டியைச் சக்கரத்துக்கு அடியில் தேசிக்காய் வைக்காமல் நகர்த்தமாட்டார்கள். நானும் வைப்பவள்தான். வோன்மொபில் வாங்கிய கிழமையே கோயிலுக்குக் கொண்டுபோய், ஐயர் கையால் சந்தனம் குங்குமம் வைத்து எல்லாம் செய்தாயிற்று. ஆனால் இரண்டு வண்டியை ஒன்றாகப் பூட்டினால் அது புது வண்டி என்பது அவருடைய வியாக்கியானம். மீனுக்கு வாங்கிய தேசிக்காய் மிச்சம் இருந்தது. சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார். எவர்சில்வர் தட்டில் இரண்டு வண்டிகளின் சாவிகளையும், நாங்கள் திறப்பு என்போம், வைத்து, வோன்மொபிலின் முன்னாலிருந்த பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் காட்டினார். சைக்கிளில் வந்த ஒரு சுவிஸ் தம்பதி வேகத்தைக் குறைத்து, பார்த்து, க்ரூயெட்ஸி என்று வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். என் நெற்றியில் திருநீறு பூசினார்.

"நான் இழுப்பன். நீர் ஸ்டியரிங்கை மட்டும் திருப்பும். நான் பிரேக் பிடிக்கேக்க நீரும் பிடியும். ஏதும் எண்டால் ஹோர்ன் அடியும்."

ஏறி உட்கார்ந்தேன். தேசிக்காய்கள் நசுங்கின. கம்பி இறுகியது. கார் அசைந்தது. என்ஜின் இல்லாத கார் ஓடுவது ஒரு விசித்திரமான உணர்வு, சத்தமே இல்லை. அந்த வெள்ளைச் சுவர் இப்போது மூக்குக்கு முன்னால் நின்றது. பூப்போட்ட திரையில் நான் தைத்த கோணல் தையல்கூடத் தெரிந்தது. என்ஜின் ஓடாததால் பிரேக் கல்லாக இருந்தது. நேர்ப்பாதை என்பதால் கொஞ்சத் தூரம் ஒன்றும் நடக்கவில்லை.

இடது பக்க வளைவு வந்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். உள்ளே ஏதோ பூட்டுவதுபோல ஒரு சத்தம். ஸ்டியரிங் நின்றுவிட்டது.

கார்த் திறப்பை வெளியே எடுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கள்ளர் கொண்டுபோகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. எந்தச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குனிந்து பார்த்தேன். திறப்புத் துவாரம் வெறுமையாக இருந்தது. வோன்மொபிலின் திறப்பைத் தட்டிலிருந்து எடுத்தவர், என் திறப்பைப் பிள்ளையாருக்கு முன்னாலேயே விட்டுவிட்டார். ஓடாத காருக்குத் திறப்பு எதற்கு என்று எனக்கும் தோன்றியிருக்கவில்லை.

முன்வண்டி இடப்பக்கம் திரும்பியது. என் சக்கரங்கள் திரும்ப மறுத்தன. கம்பி காரின் மூக்கைப் பிடித்து இழுக்க, கார் தேய்ந்து தேய்ந்து வலப்பக்கப் பள்ளத்தை நோக்கிச் சரிந்தது. றப்பர் மணந்தது. ஹோர்னில் முழங்கையை வைத்து அழுத்தினேன். அவர் கேட்டார். கேட்டுவிட்டு, யன்னலால் கையை வெளியே நீட்டி, உற்சாகமாக ஆட்டினார்.

பிரேக்கில் இரண்டு காலாலும் ஏறி நின்றேன். ஹாண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். அப்போதுதான் பாரம் தெரிந்திருக்க வேண்டும், வோன்மொபில் முக்கி முனகி நின்றது. என் முன்சக்கரம் ஒன்று பள்ளத்தின் விளிம்பில் புல்லுக்குள் இருந்தது.

ஓடி வந்தார்.

"ஏன் ஹாண்ட் பிரேக் போட்டனீர்? வண்டி பழுதாப் போமெல்லே!"

அவர் முதலில் கேட்டது வண்டியைப் பற்றி. நான் கதவைத் திறந்து இறங்கினேன். எனக்குள் இருந்தது பயமில்லை, கோபம். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை.

"திறப்பு எங்கை?" என்றேன்.

அவர் போய்ப் பிள்ளையாருக்கு முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். திறப்பில் குங்குமம் ஒட்டியிருந்தது, கற்பூரம் மணத்தது.

"ஹோர்ன் அடிச்சனான். நீங்கள் கையைக் காட்டிறியள்."

"நான் நினைச்சன், நீர் சந்தோசத்தில அடிக்கிறீர் எண்டு."

சந்தோசத்தில்! எனக்குச் சிரிப்பும் வந்தது, அதற்குப் பின்னாலேயே ஒரு பெரிய அலுப்பு வந்தது. இவரோடு எத்தனை காலம் இப்படி ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்ற அலுப்பு. திட்டவும் தெம்பில்லை. கையை நீட்டினேன்.

"மற்றத் திறப்பையும் தாங்கோ. நீங்கள் போய்ப் பின்னுக்கு இருங்கோ."

"நீர் ஓட்டுவீரோ? இது விளையாட்டில்லை."

"என்ர லைசன்சில ஓட்டலாம். இருங்கோ."

அந்தத் தெருவோரத்தில் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. சின்னக் காருக்குள் முழங்காலை மடித்து உட்கார்ந்தார். திறப்பு உள்ளே போய்ச் சரியாகத் திரும்பியதா என்று நானே பார்த்தேன். பிறகு வோன்மொபிலில் ஏறினேன். உயரமாக இருந்தது. ஸ்டியரிங் வளையம் தாச்சிச் சட்டியளவு பெரிது. மெல்ல எடுத்தேன். அஃபோல்டர்ன், ஹெடிங்கன், பிர்மென்ஸ்டோர்ஃப், ஒவ்வொரு ஊராக நத்தைபோலப் போனோம். பின்னால் கார்கள் சேர்ந்தபோதெல்லாம் ஒதுங்கி வழி விட்டேன்.

கண்ணாடியில் அவரைத் தேடினேன். தெரியவில்லை. இடக் கண்ணாடியிலும் இல்லை, வலக் கண்ணாடியிலும் இல்லை. வண்டியின் அகலம் எல்லாவற்றையும் மறைத்தது. வளைவுகளில் மட்டும் எங்கள் சின்ன நீலக் காரின் ஒரு மூலை எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்று ஏற்றத்தில் பாரமாகத்தான் தெரிந்தது. அவர் ஹோர்ன் அடித்தபோதெல்லாம் நான் நிறுத்தினேன். அநேகமாக ஒன்றும் இருக்காது. கை வலிக்கிறது என்பார். மெல்லப் போகச் சொல்லுவார். கடைசி இறக்கத்தில், ஷ்லீரன் கீழே தெரிந்தபோது, விடாமல் அடித்தார்; நின்று நின்று இறங்கினோம்.

தெரிந்த தமிழ்ப் பொடியன் ஒருவனுடைய கராஜ் முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் இறங்கி, காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சேர்ட் நனைந்திருந்தது. வெங்காயக் கூடைகளைத் தூக்கிப் பழகிய கைகளை ஒவ்வொன்றாக உதறினார்.

"நீர் என்னைத் திரும்பிப் பாக்கவேயில்லை" என்றார்.

"முன்னுக்கு இருந்தால் பின்னுக்குத் தெரியாது."

குற்றம் சாட்டத்தான் வாயெடுத்தேன். சொல்லி முடித்தபோது அது மன்னிப்பாகவும் இருந்தது. அவருக்கு எது கேட்டதோ தெரியாது.

கராஜ்காரன் வீட்டுச் செருப்போடு வந்து பார்த்தான். பெல்ட் அறுந்ததோடு என்ஜினுக்குள்ளும் அடி விழுந்திருக்கும், கழற்றிப் பார்க்க வேண்டும், கிழமை நடுவுக்கு முன்னம் சொல்ல ஏலாது அக்கா என்றான். நான் அங்கேயே ஒரு பழைய டயரில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு இழுத்துக்கொண்டு வந்தும் திங்கட்கிழமைக்குக் கார் இல்லை.

வீட்டுக்கு அவரே வோன்மொபிலை ஓட்டி வந்தார். வந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அவர் அதைச் செய்வது அபூர்வம்.

"நாளைக்கு நான் லீவு எடுக்கிறன். வோன்மொபிலில உம்மைக் கொண்டே விடுறன். நீர் ஒவ்வொரு வீடா முடிச்சிட்டு வாரும், நான் கீழ நிக்கிறன்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. நான் அவ்வளவு களைத்திருந்தேன். பக்கத்து இருக்கையில் சாய்ந்துகொண்டு போனால் என்ன? அவர் மனமாரத்தான் கேட்டார். ஆனால் நாளைக்கு நின்றால் நாளை மறுநாளும் நிற்பார். குழுத் தலைவி என்னைத் தனியாகக் கார் ஓடுவாயா என்று கேட்டபோது நான் ஓம் என்றிருந்தேன்.

"வேண்டாம். திறப்பைத் தாங்கோ, நான் அதிலயே போறன்."

"சூரிக் டவுனுக்குள்ளயோ? கீறினால்?"

"கீறட்டும்."

அவர் திறப்பை மேசையில், என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். "கவனம்" என்றார்.

விடிய முன்னமே புறப்பட்டேன். நகரத்துக்குள் ட்ராம் மணியடித்தது, யாரோ கெட்ட வார்த்தை சொன்னான், ஒரு ஒடுக்கத் தெருவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். ஓர்லிகோனில் இரண்டு கார் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு நிறுத்தியபோது எட்டு ஆகியிருக்கவில்லை. கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் பின்னால் கிடக்க, கையுறைகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

முதல் வீட்டில் ஒரு வயதான அம்மா கட்டிலில் படுத்திருந்தார். எழுப்பிக் குளிப்பாட்ட வேண்டும். கட்டிலோடு ஒட்டிய யன்னல் தெருப்பக்கம் இருந்தது. வோன்மொபில் வந்து நின்றதை அவர் பார்த்திருந்தார்.

"உன் கணவர் உள்ளே காத்திருக்கிறாரா? மேலே வரச் சொல்லேன், குளிராக இருக்கும்" என்றார், நல்ல மனதோடு.

"அவர் வரவில்லை. நான் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன்" என்றேன்.

ஜெர்மன் மொழியில் அந்த வாக்கியத்தை நான் அதற்குமுன் சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்ததில்லை. பிழையில்லாமல் வந்தது. சொன்ன பிறகுதான் என் கைகள் இரண்டும் எவ்வளவு வலிக்கின்றன என்று தெரிந்தது. அந்த அம்மா தன் கையை நீட்டினார். அதை என் தோளில் போட்டுக்கொண்டு, அவருடைய முழுப் பாரத்தையும் வாங்கி, எழுப்பி நிறுத்தினேன்.